விம் செஷன் சரியாகத் திரும்ப வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

விம் எடிட்டரில் செஷன் (திறந்திருந்த கோப்புகளையும் சாளரங்களையும் சேமித்து, பிறகு அப்படியே மீண்டும் திறக்கும் வசதி) தகராறு செய்தால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: செஷன் கோப்பைத் திறந்து படியுங்கள். விமுக்கு மட்டுமே புரியும் ஏதோ ஒரு கோப்பு என்று நினைத்துப் பலர் அதைத் தொடுவதே இல்லை. ஆனால் அது ஒரு சாதாரண விம் ஸ்கிரிப்ட். நீங்களே கையால் தட்டியிருக்கக்கூடிய கட்டளைகள்தான் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும், எந்தக் கோப்புகளைப் பஃபர் பட்டியலில் (விம் திறந்து வைத்திருக்கும் கோப்புகளின் பட்டியல்) சேர்க்க வேண்டும், சாளரத்தை எங்கே பிரிக்க வேண்டும், கர்சரை எந்த வரியில் நிறுத்த வேண்டும் என்று எல்லாமே அங்கே கண்ணுக்குத் தெரியும். ஒரு கோளாறு வந்ததும் விம்ஆர்சியில், அதாவது விமின் அமைப்புக் கோப்பில், பத்து வரிகளை மாற்றிப் பார்ப்பதைவிட, இந்தக் கோப்பை ஐந்து நிமிடம் படிப்பது சீக்கிரம் விடை தரும்.

எங்கள் குழுவுக்காகச் செஷன்களைக் கையாளும் ஒரு சிறிய ஸ்கிரிப்டையும் அதற்கான தானியங்கிச் சோதனைகளையும் பராமரித்து வருகிறேன். திரும்பத் திரும்ப வந்த புகார்களை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். முதல் பாதி செஷனைப் பற்றியது, பிற்பாதி சோதனைகளைப் பற்றியது. லினக்ஸில் ஓடும் விம் 9-ஐ மனத்தில் வைத்து எழுதுகிறேன். விமிலிருந்து பிரிந்து வளர்ந்த நியோவிமில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

செஷனைச் சேமிக்கும்போதே ஈ189 என்று பிழை வருகிறது

அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். 'எம்கேசெஷன்' கட்டளைக்குப் பெயர் எதுவும் கொடுக்காவிட்டால், இப்போது இருக்கும் ஃபோல்டரில் 'செஷன்.விம்' என்ற பெயரில் எழுதும். பழைய கோப்பை மேலெழுதத்தான் வேண்டும் என்றால் கட்டளையோடு ஆச்சரியக்குறியைச் சேர்த்துவிடுங்கள். சேர்ப்பதற்கு முன் எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று 'பிடபிள்யூடி' கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. வேறொரு வேலையின் செஷனை அழித்துவிட்டால் அதை மீட்க வழி கிடையாது.

நேற்று வைத்த செஷன் காணோம். ஒரே ஒரு சாளரம்தான் வருகிறது

எனக்கு வந்த புகார்களில் மனத்தை அதிகம் நோகடித்தது இதுதான். காரணம், எனக்கே இது நடந்திருக்கிறது. வெளியேறும்போது செஷன் தானாகச் சேமிக்கப்பட வேண்டும் என்று 'விம்லீவ்ப்ரீ' நிகழ்வில் ஒரு ஆட்டோகமாண்ட் (ஒரு நிகழ்வு நடக்கும்போது தானாக ஓடும் கட்டளை) எழுதி, வீட்டு ஃபோல்டரில் ஒரே கோப்பில் மேலெழுதும்படி வைத்திருந்தேன். பல வாரங்கள் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் பெரிய வேலையை முடித்து விமை மூடிவிட்டு, நிரல் மாற்றங்களைப் பதிவு செய்ய டெர்மினலில் கிட் கமிட் கொடுத்தேன். கமிட் செய்தி எழுத கிட் திறந்ததும் விம்தான். செய்தியை எழுதி மூடினேன். அந்த மூடலும் 'விம்லீவ்ப்ரீ'தானே? இரண்டு நாள் திறந்து வைத்திருந்த முப்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளின் அடுக்கு போய், கமிட் செய்திக் கோப்பு ஒன்று மட்டும் செஷனில் நின்றது.

இப்படி நடந்ததா என்று உறுதி செய்ய, செஷன் கோப்பைத் திறந்து 'பிஏடிடி' என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். பஃபர் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் வரிகள் அவை. கமிட் செய்தி, டிஃப் தற்காலிகக் கோப்பு போன்ற ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்தால், குற்றவாளி உங்கள் ஆட்டோகமாண்டேதான்.

தீர்வு எளிது. விமில் 'வி:திஸ்_செஷன்' என்று ஒரு மாறி இருக்கிறது. ஒரு செஷனை ஏற்றினாலோ நீங்களாகச் சேமித்தாலோ அந்தக் கோப்பின் முழுப் பாதை அதில் வந்து உட்காரும். சும்மா திறந்த விமில் அது காலியாக இருக்கும். ஆட்டோகமாண்டில், இந்த மாறி காலியாக இல்லாதபோது மட்டும் சேமி, அதுவும் அந்த மாறியில் உள்ள பாதையிலேயே சேமி என்று நிபந்தனை வையுங்கள். கமிட் செய்திக்காகத் திறந்த விம் எந்தச் செஷனுக்கும் சொந்தமில்லை, ஆகவே எதையும் தொடாது. செஷன் வேண்டும் என்றால் முதல்முறை மட்டும் நீங்களே 'எம்கேசெஷன்' கொடுக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு கட்டளையைத் தட்டுவதை நான் சிரமமாக நினைக்கவில்லை. எது செஷன், எது இல்லை என்று நானே முடிவு செய்கிறேன் என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

இந்தத் திருத்தத்தோடு ஒரு சோதனையும் சேர்த்து எழுதிவிடுங்கள். ஒரு செஷனைச் சேமித்து, அதன் உள்ளடக்கத்தை நினைவில் வைத்து, புதிதாக இன்னொரு விமை ஏதாவது ஒரு கோப்போடு திறந்து மூடி, பிறகு செஷன் கோப்பு ஓர் எழுத்தும் மாறவில்லை என்று பார்க்கும் சோதனை. பத்து வரிகூட வராது.

கோப்புகள் எல்லாம் வருகின்றன, ஆனால் வண்ணம் இல்லை

சாளரங்கள் சரி, கர்சர் சரி. ஆனால் நிரல் முழுக்க ஒரே நிறத்தில், சிண்டாக்ஸ் ஹைலைட்டிங் இல்லாமல் வெறும் எழுத்தாக நிற்கிறது. சிலர் டேப்புக்கு டேப் போய்க் கோப்பை மீண்டும் திறந்து சரிசெய்துகொண்டே காலத்தை ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டத் தேவையில்லை.

முதலில் ஒரு கேள்வி: செஷனை எப்படி ஏற்றுகிறீர்கள்? டெர்மினலில் பேரெழுத்து 'எஸ்' கொடியோடு செஷன் கோப்பைக் கொடுத்து விமைத் திறந்து பாருங்கள். அப்போது வண்ணம் வருகிறதென்றால் செஷன் கோப்பில் தப்பில்லை, உங்கள் தானியங்கி ஏற்றலில்தான் தப்பு. பெரும்பாலும் 'விம்என்டர்' நிகழ்வில் ஓர் ஆட்டோகமாண்ட் வைத்து, அதற்குள் செஷன் கோப்பை 'சோர்ஸ்' கட்டளையால் ஓட்டியிருப்பீர்கள்.

ஓர் ஆட்டோகமாண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதனால் எழும் மற்ற ஆட்டோகமாண்டுகளை விம் ஓட்டுவதில்லை. ஒன்றை ஒன்று அழைத்துக்கொண்டே போய் முடிவில்லாமல் சுற்றிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ஆனால் ஒரு கோப்பைப் படித்ததும் அது பைத்தானா, சியா என்று கண்டுபிடிப்பதும், அதற்கேற்ப வண்ணம் தீட்டுவதும் ஆட்டோகமாண்டுகளின் வேலைதான். 'விம்என்டர்' ஓடும்போது அவை வாய் மூடி நிற்கின்றன. ஆட்டோகமாண்ட் வரியில், கோப்புப் பெயரின் மாதிரிக்குப் பின்னும் கட்டளைக்கு முன்னும், 'நெஸ்டட்' என்ற சொல்லைச் சேருங்கள். புதிய விம் 9 ஸ்கிரிப்ட் நடையில் எழுதுகிறவர்கள் அதன் முன்னால் இரண்டு கூட்டல் குறிகளையும் போட வேண்டும். அவ்வளவுதான், வண்ணம் திரும்பிவிடும்.

சோதனையில் இதைப் பிடிக்க, ஏற்றிய பிறகு ஒவ்வொரு சாளரத்திலும் 'ஃபைல்டைப்' அமைப்பு காலியாக இல்லை என்று பார்த்தால் போதும். வண்ணத்தையே சோதிக்க முயல வேண்டாம். அது டெர்மினலைப் பொறுத்து மாறும்.

விம்ஆர்சியில் மாற்றியது செயல்படவே மாட்டேன் என்கிறது

டேப் அகலத்தை எட்டிலிருந்து நான்காக மாற்றுகிறீர்கள். புதிதாகத் திறந்தால் நான்கு. செஷனோடு திறந்தால் மீண்டும் எட்டு. ஒரு விசைச் சேர்க்கையை நீக்கிவிட்டீர்கள், செஷனுக்குள் அது இன்னமும் உயிரோடு இருக்கிறது.

பிழை இருக்கும் விமில் 'வெர்போஸ் செட் டேப்ஸ்டாப்' என்று கொடுத்து இறுதியில் கேள்விக்குறி போடுங்கள். மதிப்பை மட்டுமல்லாமல், அதைக் கடைசியாக வைத்தது எந்தக் கோப்பு என்பதையும் விம் சொல்லும். அங்கே விம்ஆர்சிக்குப் பதில் செஷன் கோப்பின் பெயர் வந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

எதையெல்லாம் சேமிக்க வேண்டும் என்பதை 'செஷன்ஆப்ஷன்ஸ்' அமைப்பு தீர்மானிக்கிறது. விமில் அதன் இயல்பு மதிப்புப் பட்டியலில் 'ஆப்ஷன்ஸ்' என்ற சொல்லும் இருக்கிறது. அது இருந்தால் சேமிக்கும் நேரத்தில் இருந்த எல்லா அமைப்புகளும், எல்லா விசைச் சேர்க்கைகளும் செஷன் கோப்புக்குள் உறைந்துவிடும். விம்ஆர்சி முதலில் ஓடும், செஷன் அப்புறம் ஓடும். பின்னால் வந்தவர் சொல்தான் நிற்கும். வெளியேறும்போது அதே பழைய மதிப்புகள் மீண்டும் சேமிக்கப்படும். ஆகவே ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு தப்பான அமைப்பு, விம்ஆர்சியில் எப்போதோ திருத்தப்பட்ட பிறகும், செஷனிலிருந்து செஷனுக்குத் தொற்றிக்கொண்டே வரும். இந்தச் சுழல் புரியாமல் விம்ஆர்சியைத் தலைகீழாகப் புரட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

'செஷன்ஆப்ஷன்ஸ்' பட்டியலிலிருந்து 'ஆப்ஷன்ஸ்' என்ற சொல்லை விம்ஆர்சியில் கழித்துவிடுங்கள். பிறகு ஒரு முக்கியமான படி: பழைய செஷன் கோப்புகளில் உறைந்தவை அப்படியே இருக்கும். செஷனை ஏற்றிப் புதிதாகச் சேமித்தால்தான் அவை போகும். நியோவிமில் இயல்புப் பட்டியலிலேயே இந்தச் சொல் கிடையாது. என் கருத்தில் அதுதான் சரியான முடிவு. செஷன் என்பது எங்கே வேலை நின்றது என்பதற்கான குறிப்பு. எப்படி வேலை செய்ய வேண்டும் என்பது விம்ஆர்சியின் பொறுப்பு.

பெயரில்லாத காலிச் சாளரங்கள் வருகின்றன

இடப்பக்கம் கோப்பு மரம் காட்டும் பிளக்இன், வலப்பக்கம் டேக் பட்டியல் காட்டும் பிளக்இன் என்று திறந்து வைத்திருந்தவர்களுக்கு, செஷனை ஏற்றியதும் அந்த இடங்களில் வெறும் ஓட்டைகள்தான் இருக்கும். அந்தப் பஃபர்களுக்குப் பின்னால் உண்மையான கோப்பு இல்லை. எதைத் திறப்பது என்று செஷனுக்குத் தெரியாது, இடத்தை மட்டும் ஒதுக்கி வைக்கிறது. 'செஷன்ஆப்ஷன்ஸ்' பட்டியலிலிருந்து 'பிளாங்க்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் இந்தச் சாளரங்கள் சேமிக்கப்படவே மாட்டா. கோப்பு மரம் கட்டாயம் வேண்டும் என்றால் 'செஷன்லோட்போஸ்ட்' என்ற நிகழ்வில் அந்தப் பிளக்இனைத் திறக்கும் கட்டளையை வையுங்கள். செஷன் முழுவதும் ஏறிய பிறகே அது எழும்.

டெர்மினல் சாளரம் வேறு வகை. 'டெர்மினல்' என்ற சொல் பட்டியலில் இருந்தால் அதே கட்டளை புதிதாகத் தொடங்கப்படும். பழைய திரையும் அதில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் திரும்ப வராது.

ஃபோல்டரை இடம் மாற்றினேன், இப்போது எல்லாக் கோப்பும் புதுக் கோப்பு என்கிறது

செஷன் கோப்பின் தொடக்கத்திலேயே 'சிடி' வரி ஒன்று இருக்கும். சேமித்த நேரத்தில் நின்ற ஃபோல்டரின் பாதை அதில் இருக்கும். 'செஷன்ஆப்ஷன்ஸ்' பட்டியலில் உள்ள 'கர்டிர்' என்ற சொல்லின் வேலை அது. திட்டத்தை வேறு இடத்துக்கு நகர்த்தினாலோ வேறு கணினியில் திறந்தாலோ அந்தப் பாதை பொய்யாகிவிடும். உடனடித் தீர்வு, அந்த ஒரு வரியைக் கையால் திருத்துவது. நிரந்தரத் தீர்வு, 'கர்டிர்' எடுத்துவிட்டு 'செஸ்டிர்' வைப்பது. அப்போது செஷன் கோப்பு எங்கே இருக்கிறதோ அதுவே வேலை ஃபோல்டர் ஆகிவிடும். செஷன் கோப்பைத் திட்டத்துக்குள்ளேயே வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். எல்லாச் செஷன்களையும் ஓரிடத்தில் குவித்து வைப்பவர்கள் இதைத் தொட வேண்டாம்.

சரியான வரி, தவறான எழுத்து

கர்சர் அதே வரியில் நிற்கிறது, ஆனால் நாலைந்து எழுத்து தள்ளி. செஷன் கோப்பில் 'நார்மல்' என்று தொடங்கி, ஒரு சுழியமும் ஓர் எண்ணும் ஒரு செங்குத்துக் கோடும் வரும் வரியைத் தேடுங்கள். வரியின் தொடக்கத்துக்குப் போய், பிறகு அந்தத் திரைக் கட்டத்துக்குப் போ என்பது அதன் பொருள். கவனியுங்கள், அது எத்தனையாவது எழுத்து என்ற கணக்கு அல்ல, திரையில் எத்தனையாவது கட்டம் என்ற கணக்கு. டேப் அகலம் எட்டாக இருந்தபோது சேமித்து, நான்காக மாற்றிய பிறகு ஏற்றினால், டேப்பில் தொடங்கும் வரிகளில் எல்லாம் கர்சர் தள்ளிப் போகும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 'தமிழ்' என்ற சொல்லை நாம் மூன்று எழுத்தாகப் படிக்கிறோம். யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள்: த, ம, இகர விசிறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக மொத்தம் பதினைந்து பைட். திரையில் எத்தனை கட்டம்? விம் ஒரு கணக்குப் போடும், உங்கள் டெர்மினல் இன்னொரு கணக்குப் போடலாம். யூனிகோடில் புள்ளி இடம் பிடிக்காத சேர்குறி, இகர விசிறி இடம் பிடிக்கும் சேர்குறி. இந்த இரண்டாவது வகைக்கு எத்தனை கட்டம் தருவது என்பதில்தான் மென்பொருள்கள் ஒத்துப்போவதில்லை. கர்சர் சரியான எழுத்தில் இருந்தும் தவறாக நிற்பதுபோலக் கண்ணுக்குத் தெரிவது இதனால்தான். ஆகவே கர்சர் நகர்ந்ததாகத் தோன்றினால், 'ஜிஏ' என்று இரண்டு விசைகளைத் தட்டி, கர்சரின் கீழ் உண்மையில் எந்த எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். எழுத்து சரியாக இருந்தால் செஷனில் குறையில்லை, டெர்மினலின் காட்சியில்தான் குறை.

சோதனை எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். 'கால்' செயற்கூறு பைட் கணக்கில் விடை தரும், 'விர்ட்கால்' கட்டக் கணக்கில் தரும். 'தமிழ்' என்ற வரியில் கர்சர் ழகர ஒற்றின் மேல் இருந்தால் 'கால்' தரும் விடை 10. அந்த எண்ணை 3 என்று எதிர்பார்த்து எழுதி, விம் தப்பு செய்கிறது என்று ஒருவர் நாள் முழுக்கப் போராடினார். என் பரிந்துரை, எண்ணையே சோதிக்காதீர்கள். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் கர்சருக்குக் கீழே இருக்கும் எழுத்து ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். பயனருக்கு வேண்டியதும் அதுதான்.

கரண்ட் போனது, செஷன் பழையதாகவே இருக்கிறது

திடீரென்று நின்ற விமுக்கு 'விம்லீவ்ப்ரீ' ஓட்ட நேரமில்லை. அதை நம்பிய சேமிப்பு அன்று நடக்காது. சேமிக்காத எழுத்தை மீட்க வேண்டும் என்றால் செஷனிடம் கேட்காதீர்கள். நீங்கள் திறந்திருந்த கோப்புகளின் பெயரைத்தான் செஷன் வைத்திருக்கிறது, உள்ளடக்கத்தை வைத்திருப்பதில்லை. ஸ்வாப் கோப்பைத் தேடுங்கள். இயல்பு நிலையில் 200 எழுத்து தட்டியதும், அல்லது 4 விநாடி கை ஓய்ந்ததும், விம் அதில் எழுதிவிடும். கோப்பைத் திறக்கும்போது சிற்றெழுத்து 'ஆர்' கொடியைக் கொடுத்தால் மீட்கலாம். அன்டூ வரலாறு வேண்டும் என்றால் 'அன்டூஃபைல்' அமைப்பைப் போட வேண்டும். ரெஜிஸ்டர்களும் (நகலெடுத்து வைத்த எழுத்துகள்) மார்க்குகளும் (குறித்து வைத்த இடங்கள்) 'விம்இன்ஃபோ' கோப்பின் பொறுப்பு. செஷன் இந்த மூன்றையும் தொடுவதில்லை.

இனி சோதனைகள்.

சோதனை எப்போதும் பச்சை

நிரலை வேண்டுமென்றே உடைத்துப் பார்க்கிறீர்கள், அப்போதும் சோதனை தேறியதாக, சோதனைகளைத் தானாக ஓட்டும் சர்வர் பச்சை காட்டிச் சொல்கிறது. விழும் சோதனையைவிட இது ஆபத்தானது. ஏனென்றால் நம்பிக்கை வந்துவிடுகிறது, யாரும் எதையும் பார்ப்பதில்லை.

விமின் 'அசர்ட்_ஈக்குவல்' போன்ற செயற்கூறுகள் பொருந்தாவிட்டால் ஓட்டத்தை நிறுத்துவதில்லை. 'வி:எரர்ஸ்' என்ற பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். சோதனை ஸ்கிரிப்டின் கடைசியில் 'கியூஆல்' கொடுத்து மூடினால், அந்தப் பட்டியலில் நூறு பிழை இருந்தாலும் வெளியே அது தெரியாது. கடைசியில் பட்டியலைப் பாருங்கள். காலியாக இல்லாவிட்டால் அதை ஒரு கோப்பில் எழுதி, 'சிகுவிட்' கட்டளையால் வெளியேறுங்கள். அது பிழைக் குறியீட்டோடு மூடும், சர்வர் சிவப்பு காட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. சோதனைச் செயற்கூறு ஓடவே இல்லாமல் இருக்கலாம். பெயரில் ஓர் எழுத்து மாறினால்கூடத் தேடலில் அகப்படாது. எத்தனை சோதனைகள் ஓடின என்ற எண்ணைக் கடைசியில் அச்சிடுங்கள். சுழியம் என்றால் அதையும் தோல்வியாகவே எண்ணுங்கள். புதிதாக எழுதும் ஒவ்வொரு சோதனையையும் ஒருமுறையாவது சிவப்பாகப் பார்த்த பிறகே நான் சேர்க்கிறேன்.

என் கணினியில் தேறுகிறது, சர்வரில் விழுகிறது

மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, உங்கள் விம்ஆர்சி. சொந்தக் கணினியில் அது சத்தமில்லாமல் உதவிக்கொண்டிருக்கும். சிற்றெழுத்து 'யூ' கொடியோடு பேரெழுத்தில் 'நன்' என்று கொடுத்து ஓட்டினால் விம்ஆர்சியும் பிளக்இன்களும் ஏறாது. உங்கள் கணினியிலும் சோதனை விழுந்தால், அது எந்த அமைப்பை நம்பி நின்றது என்று தேடிக் கண்டுபிடித்து, அதைச் சோதனைக்குள்ளேயே வெளிப்படையாக வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, திரையின் அகலம். 'செஷன்ஆப்ஷன்ஸ்' பட்டியலில் 'வின்சைஸ்' சொல் இருக்கும்போது செஷன் சாளர அகலத்தை நேரடி எண்ணாக எழுதுவதில்லை, விகிதமாக எழுதுகிறது. செஷன் கோப்பில் 'ரீசைஸ்' வரியைப் பார்த்தால் பெருக்கலும் வகுத்தலும் தெரியும். 160 கட்ட அகலத் திரையில் 40 கட்டமாக இருந்த சாளரம், 80 கட்டத் திரையில் ஏற்றும்போது 20 ஆகிவிடும். இது பிழை அல்ல, பெரிய திரையில் சேமித்ததை மடிக்கணினியில் திறப்பவருக்குச் செய்யும் உதவி. ஆனால் 40 என்று எதிர்பார்த்த சோதனை சர்வரில் விழும். அகலத்தை விட்டுவிட்டு, எந்தச் சாளரத்தில் எந்தக் கோப்பு, எந்த வரிசையில் என்று சோதியுங்கள்.

மூன்றாவது, என்கோடிங். லினக்ஸில் விம் தன் உள் என்கோடிங்கை 'லாங்' போன்ற சூழல் மாறிகளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சோதனை ஓடும் கன்டெய்னர்களில் அந்த மாறி பெரும்பாலும் காலி. அப்போது விம், தமிழ் எழுத்துகள் இல்லாத லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்ளும். தமிழ் வரிகள் குப்பையாகத் தெரியும், கட்டக் கணக்கு முழுவதும் மாறும், கர்சர் சோதனைகள் வரிசையாகச் சாயும். சோதனை ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே 'என்கோடிங்' அமைப்பை யூடிஎஃப்-8 என்று வையுங்கள். நியோவிமில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே எப்போதும் யூடிஎஃப்-8தான். விமின் மூல நிரலிலேயே 'எம்கேசெஷன்' சோதனைகள் இதற்காகத்தான் லத்தீன்-1-க்கு ஒரு கோப்பு, யூடிஎஃப்-8-க்கு இன்னொரு கோப்பு என்று பிரிந்து கிடக்கின்றன.

தனியாக ஓட்டினால் தேறும், மற்றவற்றோடு ஓட்டினால் விழும்

முந்தைய சோதனை எதையோ விட்டுப் போயிருக்கிறது. செஷன் சோதனைகளில் இது மிகவும் சகஜம், ஏனென்றால் அவை பஃபர், டேப், ஃபோல்டர், அமைப்பு என்று எல்லாவற்றையும் மாற்றுகின்றன. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் எல்லா டேப்புகளையும் மூடி, எல்லா பஃபர்களையும் 'பிவைப்' கட்டளையால் துடைத்து, 'வி:திஸ்_செஷன்' மாறியைக் காலியாக்கி, தொடக்க ஃபோல்டருக்குத் திரும்பும் ஒரு செயற்கூறை எழுதி வையுங்கள். அந்தக் கடைசி இரண்டையும்தான் பெரும்பாலும் மறக்கிறோம். தற்காலிகக் கோப்புகளுக்குப் பேரெழுத்து 'எக்ஸ்' என்ற எழுத்தில் தொடங்கும் பெயர் வைப்பது விம் திட்டத்தின் வழக்கம். எது சோதனை விட்டுச்சென்ற எச்சம் என்று பார்த்ததும் தெரியும். எங்கள் ஸ்கிரிப்டிலும் அதையே பின்பற்றுகிறோம்.

இன்னொரு சிக்கல், பஃபர் எண்களையும் சாளர அடையாள எண்களையும் ஒப்பிடுவது. செஷனை ஏற்றியதும் இரண்டுமே புதிதாகப் பிறக்கும். 'வின்லேஅவுட்' தரும் மரத்தை அப்படியே ஒப்பிட்டால், தனியாக ஓட்டும்போதுகூடச் சில நேரம்தான் தேறும். அந்த மரத்தில் இருக்கும் ஒவ்வோர் எண்ணையும் கோப்புப் பெயராக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

சோதனை முடியவே இல்லை, தொங்குகிறது

யாரோ ஒரு விசையைத் தட்டுவதற்காக விம் காத்திருக்கிறது. செஷன் விஷயத்தில் அது பெரும்பாலும் ஸ்வாப் எச்சரிக்கை, ஈ325. முந்தைய ஓட்டம் பாதியில் கொல்லப்பட்டு ஸ்வாப் கோப்பு மிஞ்சியிருக்கும். செஷன் அதே கோப்பைத் திறக்கப் போகும்போது, என்ன செய்யட்டும் என்று விம் கேட்கிறது. சோதனைகளைச் சிற்றெழுத்து 'என்' கொடியோடு ஓட்டினால் ஸ்வாப் கோப்பே உருவாகாது. மீட்பு பற்றித்தான் சோதனை என்றால், 'ஸ்வாப்எக்ஸிஸ்ட்ஸ்' நிகழ்வில் 'வி:ஸ்வாப்சாய்ஸ்' மாறிக்கு முன்கூட்டியே விடை வைத்துவிடுங்கள். எதற்கும் சர்வரில் ஒரு நேர வரம்பும் இருக்கட்டும்.

விமைப் புதுப்பித்ததும் பாதிச் சோதனைகள் விழுந்தன

செஷன் கோப்பை முழுசாக ஒரு மாதிரிக் கோப்போடு ஒப்பிட்டிருப்பீர்கள். அது பொது ஒப்பந்தம் அல்ல. விம் தன் வசதிக்கு எழுதிக்கொள்ளும் ஸ்கிரிப்ட், ஒட்டுத்திருத்தங்களில் வரிகள் கூடும், குறையும். ஏற்றிய பிறகு கிடைக்கும் நிலையைத்தான் சோதிக்க வேண்டும். கோப்பின் வரிகளையே பார்த்தாக வேண்டும் என்றால், விம் திட்டத்தின் சொந்தச் சோதனையைப் படியுங்கள். டேப்பில் தொடங்கும் வரி, இடைவெளியில் தொடங்கும் வரி, பல பைட் எழுத்துள்ள வரி என்று தேர்ந்தெடுத்து எழுதி, செஷனைச் சேமித்து, அதிலிருந்து கர்சரை நகர்த்தும் 'நார்மல்' வரிகளை மட்டும் வடிகட்டி ஒப்பிடுகிறார்கள். மீதி எப்படி மாறினாலும் அந்தச் சோதனைக்குக் கவலையில்லை. பிழைச் செய்திகளையும் அப்படியே முழுசாக ஒப்பிடாதீர்கள். 'அசர்ட்_ஃபெயில்ஸ்' பயன்படுத்தும்போது செய்தியின் வாசகத்தைக் கொடுக்காமல் ஈ189 என்ற எண்ணைக் கொடுங்கள். வாசகம் மொழிக்கு மொழி மாறும், எண் மாறாது.

விமின் மூல நிரல் உங்களிடம் இருந்தால், 'எஸ்ஆர்சி' ஃபோல்டருக்குள் இருக்கும் 'டெஸ்ட்டிர்' ஃபோல்டரில் இந்தச் சோதனைகள் உள்ளன. அங்கே நின்று 'மேக் டெஸ்ட்_எம்கேசெஷன்' கொடுத்தால் செஷன் சோதனைகள் மட்டும் ஓடும். அதிலும் ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் 'டெஸ்ட்_ஃபில்டர்' என்ற சூழல் மாறியைப் பேரெழுத்தில் எழுதி, அந்தச் சோதனையின் பெயரை அதற்குக் கொடுங்கள். உங்கள் ஸ்கிரிப்டில் விழுந்தது இங்கேயும் விழுகிறதா என்று பாருங்கள். இங்கேயும் விழுந்தால் கோளாறு விமிலோ உங்கள் சூழலிலோ இருக்கிறது. இங்கே தேறினால் உங்கள் ஸ்கிரிப்டுக்குத் திரும்பி, செஷன் கோப்பை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.